எட்டு மணிக்குத் தூங்கிவந்த குழந்தை ஒன்பதரைக்கும் விழித்திருந்தால்: எந்த வழி யாருக்கு?

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டே கால் வயது. எட்டு மணிக்கு விளக்கை அணைத்தால் பத்து நிமிடத்தில் தூங்கிப்போகிற பிள்ளை. திடீரென்று ஒரு வாரம் எல்லாம் தலைகீழாகிவிட்டது. தண்ணீர் வேண்டும், ஒன்றுக்கு வருகிறது, போர்வை குத்துகிறது, அப்பா எங்கே, இன்னொரு கதை சொல்லு. ஒன்பதரைக்கும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடப்பாள். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மதியத் தூக்கத்தை நிறுத்திவிடலாம் என்றார் கணவர். பக்கத்திலேயே படுத்துக்கொள்வதுதான் சரி என்று நான். இரண்டு நாள் அழவிட்டால் தானாகப் பழகிவிடும் என்றாள் தோழி. ஒன்றும் செய்யாதே, வந்தது போலவே போய்விடும் என்றார் என் அம்மா.

ஐந்தே நாளில் நான்கையும் செய்து பார்த்தோம். அவளுக்கும் தூக்கம் போனது, எங்களுக்கும் போனது.

பிறகு நிதானமாக யோசித்தபோதுதான், நாங்கள் நான்கு பேரும் நான்கு வெவ்வேறு குழந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது புரிந்தது. கணவர் சொன்னது, தூக்கமே வராத குழந்தைக்கான யோசனை. நான் சொன்னது, அம்மாவைப் பிரியப் பயப்படும் குழந்தைக்கு. தோழி சொன்னது, எதுவரை விடுவார்கள் என்று நூல் விட்டுப் பார்க்கிற குழந்தைக்கு. அம்மா மனதில் இருந்தது, வளர்ச்சியில் ஒரு படியைத் தாண்டிக்கொண்டிருக்கும் குழந்தை. நான்குமே விளக்கை அணைத்த பின் ஒரு மணி நேரம் விழித்திருக்கும். வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் இந்த வழிகளில் எது உசத்தி என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. குழந்தைக்குத் தூக்கம் வரவில்லையா, வந்தும் படுக்க மறுக்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உடம்பு

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. நேற்றுவரை நன்றாகத் தூங்கிய குழந்தை என்றால் முதலில் வலியையும் அரிப்பையும் தேடுங்கள். சளி பிடித்து இறங்கிய பிறகு காதில் தொற்று தங்கியிருந்தால், பகலில் ஓடியாடும் குழந்தை படுக்கவைத்ததும் அழும்; படுத்த நிலையில் நடுக்காதில் அழுத்தம் கூடி வலி அதிகமாகும். 23 முதல் 33 மாதத்துக்குள் இரண்டாவது கடைவாய்ப் பற்கள் முளைக்கும், அவை முன்பற்களைவிடப் பெரியவை. மலச்சிக்கல், தோல் அரிப்பு, மூக்கடைப்பு எல்லாமே படுக்கையில்தான் தொல்லை கொடுக்கும். பகலில் விளையாட்டு அவற்றை மறக்கடித்துவிடும்.

பலருக்கும் தோன்றாத ஒன்று கீரிப்பூச்சி. பெண் பூச்சி இரவில்தான் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். பகலில் ஒரு தொந்தரவும் இல்லாத குழந்தை படுத்த சிறிது நேரத்தில் பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு புரண்டால், தூக்கம் பற்றிய அறிவுரைகளைத் தேடாமல் குழந்தை மருத்துவரிடம் போவது நல்லது. மருந்து எளிமையானது. கால்களை ஓயாமல் உதைத்துக்கொண்டே இருக்கிற குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம், இரத்தப் பரிசோதனையில் தெரியும். வாரத்தில் பல இரவுகள் குறட்டை, அல்லது மூச்சு நின்று நின்று வருவது போலிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். புதிதாக ஏதாவது மருந்து தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். சில மருந்துகள் தூக்கத்தைக் கெடுக்கும்.

இதில் ஏதாவது ஒன்று உண்மையாக இருந்தால் கீழே வரும் எந்த வழியும் பலிக்காது. இல்லை என்று தெரிந்த பிறகு மேலே போகலாம்.

தூக்கம் வருகிறதா என்று எப்படித் தெரியும்?

நாங்கள் செய்தது மிகச் சாதாரணமான வேலை. ஒரு வாரம் நோட்டில் எழுதினோம்: காலை எழுந்த நேரம், மதியம் தூங்கி எழுந்த நேரம், படுக்கவைத்த நேரம், உண்மையில் தூங்கிய நேரம். கடைசி இரண்டையும் தனித்தனியாக எழுதுவதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் நாம் முதலாவதை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம்.

எங்கள் நோட்டில் இருந்தது இது. இரவு சராசரியாக 9:20க்குத் தூங்கி காலை 6:45க்கு எழுந்திருக்கிறாள். மதியம் 1:30 முதல் 3:30 வரை தூக்கம். கூட்டிப் பார்த்தால் 11 மணி 25 நிமிடம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் போதும். மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10 முதல் 13. அப்படியானால் எங்கள் பிள்ளைக்குத் தூக்கக் குறைவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பதினொன்றரை மணி நேரத் தூக்கம் போதுமான உடம்பை நாங்கள்தான் ஒரு மணி இருபது நிமிடம் முன்னதாகவே படுக்கையில் கிடத்திக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றையும் நோட்டு காட்டிக்கொடுத்தது. முன்பெல்லாம் மதியத் தூக்கம் 12:30 முதல் 2:15 வரை. வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறியதில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் பின்னால் நகர்ந்திருந்தது. யாரும் கவனிக்கவே இல்லை. "திடீரென்று" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்த ஒன்று.

தூக்கத்தை இரண்டு விசைகள் சேர்ந்து நடத்துகின்றன என்ற விளக்கத்தை, சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்பெய் 1982ல் முன்வைத்தார். இன்றுவரை அதுதான் அடிப்படை. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக் கூட ஏறும் தூக்க அழுத்தம். தூங்கினால் அது இறங்கும். மற்றொன்று, உடம்புக்குள் ஓடும் கடிகாரம். மாலை இருட்டியதும், உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்குவது இந்தக் கடிகாரத்தின் வேலை. மதியம் மூன்றரை வரை தூங்கிய குழந்தையிடம் எட்டு மணிக்கு அழுத்தம் போதுமான அளவு ஏறியிருக்காது. அழுத்தம் ஏறியிருந்தாலும் கடிகாரம் இன்னும் மணி அடிக்கவில்லை என்றால் தூக்கம் வராது.

அந்த மணி எப்போது அடிக்கும்? கொலராடோ பல்கலைக்கழகத்தில் மோனிக் லெபூர்ஷுவா குழுவினர் 2013ல் வெளியிட்ட ஆய்வில், 30 முதல் 36 மாத வயதுள்ள 14 குழந்தைகளின் உமிழ்நீரில் மெலடோனின் ஏறத் தொடங்கும் நேரத்தை அளந்தார்கள். சராசரி மாலை 7:40. அந்த நேரத்தை மிக ஒட்டிப் படுக்கவைக்கப்பட்ட குழந்தைகள் தூங்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள், படுக்கையில் அடமும் அதிகம். ஆய்வு சிறியதுதான். ஆனால் தினமும் இதைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. மெலடோனின் ஏறுவதற்குச் சற்று முன்னால் உடம்பு நாளின் கடைசிச் சுறுசுறுப்பில் இருக்கும். "இவ்வளவு நேரம் சோர்வாக இருந்தாள், படுக்கையில் போட்டதும் குதிக்கிறாள்" என்று நாம் சொல்வது பல நேரம் இந்த வேளையைத்தான்.

பிரித்துப் பார்க்க ஒரு எளிய அடையாளம் சொல்கிறேன். நீங்கள் பக்கத்திலேயே படுத்திருந்தும் குழந்தை சந்தோஷமாகப் பேசிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, பொம்மையோடு விளையாடிக்கொண்டு ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அதற்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் பத்து நிமிடத்தில் தூங்கி, எழுந்து போனால் மட்டும் அழுதால், தூக்கம் வருகிறது, பிரிவுதான் பிரச்சினை. முதல் வகைக்கு நேரத்தை மாற்ற வேண்டும். இரண்டாவது வகைக்கு நாம் பக்கத்தில் இருக்கும் விதத்தை மாற்ற வேண்டும். இதை மாற்றிச் செய்வதில்தான் பாதி வீடுகளில் கண்ணீர்.

மதியத் தூக்கத்தைக் குறைப்பதா, இரவு நேரத்தைத் தள்ளுவதா?

தூக்கம் வராத குழந்தைக்கு இந்த இரண்டு வழிகள்தான். நான் இரண்டாவதன் பக்கம், காரணம் சொல்கிறேன்.

மதியத் தூக்கத்தை அடியோடு நிறுத்துவது கவர்ச்சியாகத் தெரியும், ஏனென்றால் பலன் அன்றே கிடைக்கும். ஏழரைக்கே கண் சொக்கும். ஆனால் 2020ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இரண்டு வயதுக்கு முன் பகல் தூக்கத்தை முழுவதும் விட்டுவிடும் குழந்தைகள் 2.5 சதவீதத்துக்கும் குறைவு. ஐந்து வயதுக்குள் 94 சதவீதம் பேர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மூன்று வருடம் இருக்கிறது. எந்தக் குழந்தை எப்போது விடும் என்று வயதை வைத்துச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் நிறுத்திய இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிட்டாள். ஐந்தரைக்கு எழுந்தாள். அன்று இரவு பத்தரை. இப்படி மாலையில் எங்கேயாவது சாய்ந்து தூங்கிவிடுகிற குழந்தை, பகல் தூக்கத்தை விடத் தயாராகவில்லை என்று அர்த்தம். தூக்கமில்லாமலே மாலையைத் தாண்டி, எரிச்சலும் அழுகையும் பெரிதாக இல்லாமல் இரவு வரை வருகிற குழந்தைக்கு நிறுத்தலாம்.

நிறுத்துவதற்கும் அப்படியே விடுவதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. முன்னால் நகர்த்துவது, நீளத்தைக் குறைப்பது. இரண்டு வயதுக்கு மேல் பகல் தூக்கம் தொடர்ந்தால் இரவில் தூங்கும் நேரம் தள்ளிப்போகிறது என்பதை 2015ல் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மதியத் தூக்கம் முடிந்து இரவு படுப்பதற்கு ஐந்தாறு மணி நேரமாவது இருக்கும்படி வைத்துக்கொண்டால், நிறுத்துவதன் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இதில் ஒரே சிரமம், தூங்குகிற குழந்தையை எழுப்புவது. எழுப்பியதும் இருபது நிமிடம் யாரோடும் பேசாது, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பகலில் காப்பகத்தில் விடுகிறவர்களுக்கு இந்த வழி அவர்கள் கையில் இல்லை. அங்கே எல்லாக் குழந்தைகளையும் ஒரே நேரத்தில் படுக்கவைப்பார்கள். ஒரு குழந்தையை மட்டும் முன்னால் எழுப்பச் சொல்லிக் கேட்கலாம், நடக்கும் என்று நம்ப முடியாது.

அப்போது மிஞ்சுவது இரவு நேரத்தைத் தள்ளுவது. கேட்கும்போது தலைகீழாகத் தெரியும்: தாமதமாகத் தூங்கும் குழந்தையை இன்னும் தாமதமாகப் படுக்கவைப்பதா? ஆமாம். நோட்டில் குழந்தை உண்மையில் தூங்கும் நேரம் 9:20 என்றால் படுக்கவைப்பதை 9:15க்கு வையுங்கள். பல் தேய்ப்பது, கதை, விளக்கணைப்பது எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளுங்கள். காலையில் எழுப்பும் நேரத்தை மட்டும் நகர்த்தவே கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் கூடாது. மூன்று நான்கு இரவு கால் மணி நேரத்துக்குள் தூங்கினால் 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். மறுபடி மூன்று நாள். எந்த இடத்தில் திரும்பவும் புரளத் தொடங்குகிறதோ, அதற்கு முந்தைய படிதான் இப்போதைக்கு அந்தக் குழந்தையின் நேரம்.

இந்த வழியில் அழுகை கிட்டத்தட்ட இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. படுக்கை என்றாலே சண்டை என்று குழந்தையின் மனதில் பதிந்திருப்பது கலைந்துவிடும். படுத்தால் தூக்கம் வரும் என்று உடம்பு மறுபடி கற்றுக்கொள்கிறது. நஷ்டம் பெரியவர்களுக்குத்தான். இரண்டு வாரத்துக்கு உங்கள் மாலை காணாமல் போகும். காலை ஆறு மணிக்கே கிளப்பியாக வேண்டிய குழந்தை என்றால் முதல் சில நாள் சோர்வும் இருக்கும். பெரும்பாலானவர்கள் இந்த வழியில் தோற்பது ஒரே இடத்தில்: இரவைத் தள்ளிவிட்டு, பாவம் பிள்ளை என்று காலையிலும் தூங்கவிடுவார்கள். கடிகாரம் அப்படியே ஒரு மணி நேரம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

பக்கத்தில் படுப்பதா, நாற்காலியில் உட்காருவதா, அழவிடுவதா?

இப்போது இரண்டாவது வகை. நேரம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் எழுந்தால் கத்துகிறது. ஒன்றரை வயதிலும் இரண்டு வயதைச் சுற்றியும் இது சகஜம். பிரிவு பயம், புதிதாகத் தொடங்கும் இருட்டு பயம், தம்பியோ தங்கையோ பிறந்தது, வீடு மாறியது, காய்ச்சலில் ஒரு வாரம் அம்மா மடியிலேயே தூங்கியது, இதில் ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும்.

பக்கத்தில் படுத்துக்கொள்வதுதான் இன்றைய இரவுக்கு வேகமான வழி. அதைக் குற்றமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரவு முழுவதும் சேர்ந்தே தூங்குகிற வீட்டில் அது ஒரு பிரச்சினையே இல்லை. சிக்கல், தூங்கவைத்துவிட்டு எழுந்து போகிற வீட்டில்தான். எல்லாக் குழந்தைகளும் இரவில் பல முறை அரை விழிப்புக்கு வரும். கண்ணை மூடும்போது எது பக்கத்தில் இருந்ததோ அதை அப்போது தேடும். இல்லாவிட்டால் முழுவதும் விழித்துக் கூப்பிடும். ஆக, எட்டு மணிக்கு மிச்சம் பிடித்த அரை மணி நேரத்தை இரவு இரண்டு மணிக்குத் திருப்பிக் கொடுக்க நேரிடும். காய்ச்சல், வீடு மாற்றம் போன்ற சில நாள் காரியத்துக்குப் பக்கத்தில் படுங்கள். மாதக் கணக்கில் போகும் என்றால், முழு இரவும் சேர்ந்து தூங்குவதா, தனியாகப் பழக்குவதா என்று ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள். பாதிப் பாதியாக இருப்பதுதான் கஷ்டம்.

இன்னொரு முனையில் அழவிடுவது. அதிலும் இரண்டு வகை: கதவைச் சாத்திவிட்டு மறுபடி உள்ளே போகவே போகாதது ஒன்று. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் எட்டிப் பார்த்து, சுருக்கமாகத் தேற்றிவிட்டுத் திரும்புவது மற்றொன்று. இவை பலிக்கின்றன என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே பெரிய சந்தேகம் இல்லை. 2006ல் 52 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அதில் இவ்விரண்டோடு படுக்கை நேரத்தைத் தள்ளும் முறை உள்ளிட்ட பழக்க முறைகளும் சேர்ந்திருந்தன. 94 சதவீத ஆய்வுகளில் பலன் தெரிந்தது. குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் தெளிவான முன்னேற்றம். மனதைப் பாதிக்காதா என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 326 குழந்தைகளை ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்து 2012ல் வெளியிட்ட ஆய்வில், தூக்கப் பழக்க உதவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் மன நலத்திலோ பெற்றோருடனான உறவிலோ வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் உதவி பெற்றவர்கள் அப்போது கைக்குழந்தைகள். கம்பிக் கட்டிலில் கிடக்கும் எட்டு மாதக் குழந்தையும், "அம்மா, பயமா இருக்கு, வா" என்று வார்த்தையால் கூப்பிடும், கட்டிலை விட்டு இறங்கிக் கதவைத் தட்டும் இரண்டரை வயதுக் குழந்தையும் ஒன்றல்ல. இறங்கி வரும் குழந்தையிடம் இந்த முறை அழுகையோடு நிற்காது, இழுபறியாக மாறும். கூடவே, முதல் சில இரவு அழுகை குறையாது, கூடும். அதைத் தாங்க முடியாமல் ஐம்பதாவது நிமிடத்தில் தூக்கிவிட்டால், ஐம்பது நிமிடம் அழுதால் தூக்குவார்கள் என்பதுதான் குழந்தை கற்ற பாடம். நான் செய்தது துல்லியமாக அதுதான். நேற்றுவரை நிம்மதியாகத் தூங்கி, புதிதாகப் பயப்படத் தொடங்கிய குழந்தையிடம் இதை முதல் வழியாக எடுக்க மாட்டேன். பல மாதமாக ஒரு மணி நேரத் தாலாட்டு இல்லாமல் தூங்காத குழந்தை, பகலில் உற்சாகமாக இருக்கிறது, வீட்டில் இருவருக்கும் மனம் ஒத்துப்போகிறது என்றால் அது வேறு கதை.

இரண்டுக்கும் நடுவில் நாற்காலி. பயப்படுகிற குழந்தைக்கு என் ஓட்டு இதற்குத்தான். கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு உட்காருங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்: அறையின் நடுவில், கதவோரம், கதவுக்கு வெளியே. கேட்க எளிது. செய்யும்போது தெரியும், நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்காருவதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. குழந்தை இருபது கேள்வி கேட்கும். ஒன்றுக்குப் பதில் சொன்னால் இருபத்தொன்றாவது வரும். "தூங்கு கண்ணு, நான் இங்கேதான் இருக்கேன்" என்ற ஒரே வாக்கியத்தை அதே குரலில், அலுப்பு தெரியாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கைபேசியைப் பார்த்தால் அந்த வெளிச்சம் குழந்தைக்கும் தெரியும். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

தண்ணீர், ஒன்றுக்கு, இன்னொரு முத்தம் என்று அடுக்கிக்கொண்டே போகிற குழந்தைக்கு அட்டை முறை என்று ஒன்று உண்டு. படுக்கும்போது ஒரு அட்டை கையில் கொடுப்பது; அதைக் கொடுத்து ஒரே ஒருமுறை எதையாவது கேட்கலாம், பிறகு கிடையாது. அழகான யோசனைதான். ஆனால் மூன்று வயதுக்குக் கீழே அட்டையைக் கொடுத்துவிட்டு அட்டையையே திருப்பிக் கேட்டு அழும். சின்னவர்களுக்கு, விளக்கணைப்பதற்கு முன்பே தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் முடித்து, வழக்கமாகக் கேட்பவற்றை நாமே முந்திக்கொள்வது போதும்.

கம்பிக் கட்டிலிலிருந்து பெரிய கட்டிலுக்கு மாற்றிய வாரத்தில் இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஏறிக் குதிக்கிற அபாயம் இல்லையென்றால் திரும்ப மாற்றிவிடுங்கள். தோற்றுப்போனதாக நினைக்க வேண்டியதில்லை. ஏறத் தொடங்கிவிட்ட குழந்தைக்குக் கம்பிக் கட்டில் பாதுகாப்பில்லை.

வெளிச்சமும் மாத்திரையும்

எந்த வழியை எடுத்தாலும் மாலை வெளிச்சத்தைக் குறைப்பது சும்மா கிடைக்கிற லாபம். 2018ல் கொலராடோவில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பத்துப் பேரைப் படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். மெலடோனின் சராசரியாக 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் கழித்தும் பெரும்பாலானவர்களிடம் அது ஏறவில்லை. சின்னக் கண்ணுக்குள் பெரியவர்களின் கண்ணைவிட அதிக வெளிச்சம் போகிறது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கூடத்து விளக்கில் பாதியை அணைத்துவிடுங்கள், திரைகளையும் மூடிவிடுங்கள்.

மெலடோனின் சொட்டு மருந்தோ மிட்டாய் போன்ற மாத்திரையோ கொடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். திடீர் தூக்கக் குறைக்கு நான் அதைத் தொட மாட்டேன். கனடாவில் 2017ல் 31 தயாரிப்புகளைச் சோதித்ததில், லேபிளில் எழுதியதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. அமெரிக்காவில் குழந்தைகள் மெலடோனினை விழுங்கியதாக நச்சுத் தடுப்பு மையங்களுக்கு வந்த தகவல்கள் 2012 முதல் 2021 வரை 530 சதவீதம் கூடின. ஆட்டிசம் போன்ற நிலைகளில் மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பது தனி. சளி மருந்து கொடுத்துத் தூங்கவைப்பது இதைவிட மோசம். சில குழந்தைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் படபடப்பைக் கொடுக்கும்.

சும்மா இருப்பது

அம்மா சொன்ன வழியைக் கடைசியில் வைத்ததால் அதை மட்டமாக நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிதாக வாக்கியம் பேசத் தொடங்கிய குழந்தை இருட்டில் படுத்துக்கொண்டு தனக்குத்தானே பேசிப் பழகுவதைக் கேட்டிருப்பீர்கள். அதற்குச் சிகிச்சை வேண்டாம். அழவில்லை, இறங்கி வரவில்லை, காலையில் சரியாக எழுகிறது, பகலில் முகம் தெளிவாக இருக்கிறது என்றால் மூன்று வாரம் வரை பழைய ஒழுங்கை அப்படியே நடத்திக்கொண்டு காத்திருக்கலாம். "பழைய ஒழுங்கை அப்படியே" என்பதுதான் இதில் நிபந்தனை. தினமும் ஒரே வரிசையில் குளியல், அமைதியான விளையாட்டு, விளக்கணைப்பு என்று நடத்தியபோது மூன்று வாரத்துக்குள்ளேயே குழந்தைகள் விரைவாகத் தூங்கத் தொடங்கியதை 2009ல் 405 தாய்மார்களை வைத்து நடத்திய ஆய்வு காட்டியது. காத்திருக்கும் காலத்தில் புதுசாக ஒரு பழக்கத்தை உள்ளே விட்டால், குழந்தை தன் கட்டத்தைத் தாண்டிய பிறகும் அந்தப் பழக்கம் தங்கிவிடும்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்றால், மதியத் தூக்கத்தை மீண்டும் 12:30க்குக் கொண்டுவந்து 2:15க்கு எழுப்பினோம். இரவு 9:15லிருந்து தொடங்கினோம். முதல் இரவே பன்னிரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டாள். நானும் கணவரும் கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு வாரத்தில் எட்டரைக்கு வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். எட்டேகாலுக்குப் போட்ட மூன்று நாளும் புரண்டதால் திரும்ப எட்டரைக்கே விட்டோம். பழைய எட்டு மணி திரும்பி வரவே இல்லை. அந்த அரை மணி நேரம் பாதி விளக்கில் துணி மடிக்கிறேன். உதவி செய்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து, மடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அவிழ்த்துப் போடுகிறாள்.